வாலு முளைச்ச இங்கிலீசு

உக்காரு பேராண்டி. ராமேசுவரத்துல இங்கிலீசு வகுப்புக்குப் போறியாம்ல? அரிச்சல்முனையில டூரிஸ்டுகிட்ட நீ பேசுனதைக் கேட்டேன். ‘ஆக்சுவலி’ன்னே. ‘பேசிக்கலி’ன்னே. ‘லிட்ரலி’ன்னே. அந்த மனுசன் கேட்டது கடைசி பஸ்சு எப்பன்னுதானே? பஸ்சு போயிருச்சு. உன் பதிலு வந்து சேரலை.

அதுக்குப் பேரு அட்வெர்ப்பாம். தமிழ் வாத்தியாரு வினையடைம்பாரு. ஒரு காரியம் எப்பிடி, எப்ப, எங்கிட்டு, எம்புட்டு நடந்துச்சுன்னு சொல்லுற சொல்லு. ‘வெரி பிக்’குல பெருசு மேல ஏறி உக்காரும். ‘வெரி ஸ்லோலி’ல தன் பங்காளி மேலயே ஏறும். இதுக்கா இம்புட்டு பீசு? அங்கிட்டு, இங்கிட்டு, வெரசா, வடக்காலன்னு நீ பால்குடி மறந்த நாள்லருந்து பேசுறியே, அதெல்லாம் என்னவாம்?

பவணந்தி முனிவரு நன்னூல்ல சொல்லையெல்லாம் பெயர், வினை, இடை, உரின்னு நாலா வகுத்தாரு. ‘சால’, ‘நனி’ன்னு மிகுதியைச் சொல்லுறதெல்லாம் உரிச்சொல்லுக்குள்ள அடங்கிருச்சு. வினையடைக்குன்னு அவரு தனி வீடு கட்டலை. உன் இங்கிலீசுப் புத்தகம் எட்டாப் பிரிக்குது. பிரிச்சுட்டுப் போகட்டும்.

நமக்கு வேகத்தோட ‘ஆ’ சேர்ந்தா வேகமா. அவுகளுக்கு ‘லி’. ஆனா வாலைப் பாத்து மீனை வாங்காதே. ‘பிரெண்ட்லி’க்கும் ‘லவ்லி’க்கும் வாலு இருக்கு, ரெண்டும் பெயரைத்தான் அண்டி நிக்கும். ‘ரன் ஃபாஸ்ட்’டுல வாலே இல்லை, அது அசல் அட்வெர்ப்.

‘ஒன்லி’ இருக்கே, அது ஒரு ஊர்சுத்தி. ‘ஒன்லி ஐ ஈட் ஃபிஷ்’ன்னா நான் மட்டுந்தான் மீன் திங்குறேன். ‘ஐ ஈட் ஒன்லி ஃபிஷ்’ன்னா மீனைத் தவிர வேற எதையும் தொடமாட்டேன். நம்ம ‘மட்டும்’ யாரைச் சொல்லுதோ அவுக பின்னாடியே ஒட்டிக்கும். அங்க நீதான் பாத்து உக்கார வைக்கணும்.

அட்வெர்ப்பே வேணாம்னு சொல்லலை அப்பு. காத்து எங்கிட்டு அடிக்குது, எப்ப திரும்புமுன்னு சொல்லாட்டி வள்ளம் கரை சேராது. தேவையில்லாத எடத்துல எதுக்கு? 1964 டிசம்பர் 22 ராத்திரி. பாம்பன்லருந்து தனுஷ்கோடிக்கு வந்த பாசஞ்சர் ரயிலைக் கடலு முழுங்குச்சு. இதுல ‘லிட்ரலி’யை எங்கிட்டுச் சொருகுவே? முழுங்குச்சுன்னா முழுங்குச்சுதான்.

அது கெடக்கட்டும். வேலை கேட்டுக் கடுதாசி போட்டியே, நல்லா உழைப்பேன்னு இங்கிலீசுல எழுதியிருந்தியாமே. ‘ஹார்டு’ன்னு எழுதுனியா, இல்ல ஒசத்தியா இருக்கட்டுமுன்னு வாலு ஒட்டி ‘ஹார்ட்லி’ன்னு எழுதுனியா? ‘ஐ வொர்க் ஹார்டு’ன்னா ஒடம்பு வளைஞ்சு பாடுபடுறேன். ‘ஐ ஹார்ட்லி வொர்க்’குன்னா வேலைப் பக்கமே தலை வச்சுப் படுக்கமாட்டேன். என்னடா முழிக்கிற? தபால்காரரு இன்னும் இந்தப் பக்கம் வராததுக்குக் காரணம் இப்பத்தான் புரியுதோ?