துண்டுக்குள்ள இருக்கிற விரல்

ஏலே பேரப்பிள்ள, ஒன் நாவல் நோட்டைப் படிச்சேன். கதாநாயகன் அஞ்சடி எட்டங்குலம், மாநிறம், சுருட்டைமுடி, பிடிச்ச நிறம் நீலம், பிடிச்ச பலகாரம் அதிரசம்னு நாலு பக்கம்! மாப்பிள்ளைக்குப் பொண்ணு தேடுதியா? ராசி நட்சத்திரத்தை மட்டும் ஏம்லே விட்ட?

மாட்டுத்தாவணிக்கு எங்கூட வந்திருக்கியே. பருத்திக்கொட்டை பிடிக்குமா, புண்ணாக்கு பிடிக்குமான்னு காளைகிட்ட எவனாவது கேட்டானா? பல்லைப் பிடிச்சுப் பாப்பான். சுழி பாப்பான். நடத்திப் பாப்பான். சந்தேகம் தீராதவன் ஏர்ல பூட்டி ஒரு சால் ஓட்டிப் பாப்பான். பாரம் ஏறினாத்தான இழுக்கிறது எது, படுத்துக்கிறது எதுன்னு தெரியும்? ஒன் ஆளு இருநூறு பக்கமா சன்னல் வழியா மழையப் பாத்துக்கிட்டு நிக்கான். அவன் கழுத்துல நுகத்தடிய எப்ப வைக்கப் போற?

தரகர் துண்டைப் போட்டு மூடி, விரலைப் பிடிச்சு வெலை பேசுவாரே, அதையும் பாத்திருப்ப. வாயி ஊர்க்கதை பேசும். வெலையச் சொல்றது உள்ள இருக்கிற விரல். ஒன் கதையில எல்லாரும் துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு, 'என் உள்ளம் சோகத்தில் ஆழ்ந்திருக்கிறது'ன்னு சொல்லிட்டுத் திரியுதாங்க. சோகமுள்ளவன் எவம்லே அப்படிச் சொல்லுதான்? கெணத்து மோட்டார் ஓடலன்னு பொண்டாட்டி மேல எரிஞ்சு விழுவான்.

வில்லன் பரவாயில்ல. அவனாவது வட்டிக்குக் குடுத்த கையோட கோயில்ல போய் அழுதான்.

ஜெயகாந்தனைக் கரைச்சுக் குடிச்சேன்னு பீத்துவியே! 1966-ல 'அக்கினிப் பிரவேசம்'னு ஒரு கதை எழுதினாரு. மழைக்கு ஒரு காருல ஏறி, மோசம்போயி வந்த மக தலையில தாய்க்காரி தண்ணிய ஊத்தி, விசயத்தை வெளிய தெரியாம முடிச்சிருதா. அதுக்கே ஊரு ரெண்டுபட்டுப் போச்சு. பெறகு அதே மனுசன், அந்தத் தாய் வாய மூடாம கூப்பாடு போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சாரு. அந்த ஒத்தக் கூப்பாட்டுல இருந்துதாம்லே அந்த மக கங்காவா எந்திரிச்சு வந்தா. 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலாச்சு, 1972-ல சாகித்ய அகாதமி பரிசும் வாங்குச்சு. கங்கா எத்தனை அடி உசரம்னு ஒனக்குத் தெரியுமா?

ஒண்ணு கேக்க மறந்துட்டேன். மூணாம் அத்தியாயத்துல ஒரு கெழவன் வாரான், தப்பே பண்ணாத உத்தமனா. அது நாந்தானா? நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒந்துண்டை எடுத்து அவன் மேலயும் கொஞ்சம் போடு. உள்ள என்ன இருக்குன்னு ஒங்க பாட்டிகிட்ட கேளு... வேண்டாம், வேண்டாம், அவ சொல்லிருவா.