தலைகாட்டல்: ஒரு நிர்வாகவியல் ஆய்வு

தலைகாட்டல் என்பது வேலை நடக்கும் இடத்தில், வேலையில் மட்டும் சேராமல், ஆஜராவது. எட்டிப்பார்த்தல் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எட்டிப்பார்ப்பவர் தாம் பார்க்க வருகிறார். தலைகாட்டுபவர் பிறர் தம்மைப் பார்க்க வருகிறார். ஆகவே யார் கண்ணிலும் படாத தலைகாட்டல் செல்லாது. குறைந்தது ஒரு சாட்சி வேண்டும். பிற்பாடு தேடி வருபவரிடம் "இப்பதான் இங்க நின்னாங்க" என்று அவர் சொல்ல வேண்டும்.

காரைக்கால் மாவட்டம், திருநள்ளாறு கொம்யூனைச் சேர்ந்த அம்பகரத்தூர் இவ்வாய்வுக்கு வாய்ப்பான களம். இவ்வூருக்குத் தலைநகரான புதுச்சேரி வடக்கே சுமார் 130 கி.மீ. தள்ளி, தமிழ்நாட்டைத் தாண்டி இருக்கிறது. அதே தலைநகர் கேரளக் கரையோர மாஹேயிலும் கோதாவரிக் கழிமுகத்து ஏனாமிலும் தலைகாட்டியாக வேண்டும். பிரெஞ்சு ஆட்சி 1954இல் விலகியபோது தலை ஒன்று, உடல் நான்கு என்ற இந்த ஏற்பாடு அப்படியே கைமாறியது.

வயலில்தான் தலைகாட்டலின் செவ்வியல் வடிவத்தைக் காணலாம். சம்பா நடவு நடக்கிறது. நிலத்துக்காரர் பைக்கில் வருகிறார். எஞ்சினை அணைக்காமல் ரோட்டிலிருந்தே பார்த்தால் அது அரைத் தலை. இறங்கி வரப்பில் செருப்போடு நின்றால் முழுத் தலை. செருப்பைக் கழற்றிச் சேற்றில் இறங்கிவிட்டால் அது வேலை. இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. சிகாகோவை ஒட்டிய ஹாதார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை விளக்கொளி, ஓய்வு நேரம் என்று ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். கவனிக்கப்படுகிறோம் என்ற எண்ணமே உற்பத்தியைக் கூட்டுகிறது என்று பின்வந்தோர் அதிலிருந்து முடிவுகட்டினர். அந்த முடிவைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை. இங்கே அவ்வளவு செலவு தேவைப்படவில்லை. பைக் சத்தம் கேட்டதும் கை வேகம் கூடும்; சத்தம் தேய்ந்ததும் வெற்றிலைப் பை திறக்கும்.

நடவுப் பெண்களுக்குத் தலைகாட்டும் வசதி கிடையாது. குனிந்து நடுகிறவரின் முதுகுதான் ரோட்டுக்குத் தெரியும்.

அலுவலகத்தில் தலைக்குப் பதில் ஆள் வைக்கலாம். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு பொருள். நாற்காலி முதுகில் துண்டு, மேசைமேல் மூக்குக்கண்ணாடி, திறந்த கோப்பு, சுற்றும் மின்விசிறி. இவற்றில் மூக்குக்கண்ணாடிக்கே மதிப்பு அதிகம்: கண்ணாடி இல்லாமல் மனிதர் எவ்வளவு தூரம் போய்விட முடியும் என்று காத்திருப்பவர் தாமே சமாதானம் ஆகிவிடுகிறார். இரண்டு கண்ணாடி வைத்திருப்பவர்களை அவர் கணக்கில் எடுப்பதில்லை. பயோமெட்ரிக் கருவி வந்தபோது இக்கலை அழியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அந்தக் கருவி தலையைக் கேட்காமல் விரலைக் கேட்டது. விரல் கொடுக்கக் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை வந்தால் போதும். முகம் பார்க்கும் கருவிகள் வந்த பிறகு தலைக்குப் பழைய மரியாதை ஓரளவு மீண்டிருக்கிறது.

தொழில் உறவுகளில் அளவுகோல் பந்தி. உடன் வேலை பார்ப்பவர் வீட்டுக் கல்யாணத்தில் மொய் எழுதிச் சாப்பிடாமல் போனால் தலைகாட்டல், சாப்பிட்டால் வருகை. மேலதிகாரிக்கு விலக்கு உண்டு: அவர் தலைகாட்டினாலே வருகையாகப் பதிவாகும், போட்டோவில் மணமக்களுக்கு நடுவில் நிற்பார். துக்க வீட்டில் இந்த வேறுபாடுகள் எடுபடுவதில்லை. வைகாசியில் அம்பகரத்தூர்ப் பத்ரகாளியம்மன் கோயில் விழாவுக்கு வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ராத்திரி பஸ்ஸில் வந்து மறுநாள் ராத்திரி பஸ்ஸில் திரும்புவது, அம்மனிடமே தலைகாட்டுவதாக வகைப்படுத்தப்படும்.

தலைகாட்டிவிட்டு நகரும் பழக்கம் அறவே இல்லாத அதிகாரி ஒருவரே. பக்கத்துத் திருநள்ளாற்றில் இருக்கும் அவர் ஒரு ராசிக்குள் நுழைந்தால் இரண்டரை ஆண்டு உட்கார்ந்து வேலை பார்ப்பார். அவர் கொஞ்சம் தலைகாட்டிவிட்டுப் போகட்டும் என்றுதான் சனிக்கிழமைகளில் அவ்வளவு கூட்டம்.

கடைசி வகை நீரின் தலைகாட்டல். காவிரி நடுவர் மன்றம் 2007இல் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி.; அது பாய வேண்டிய இடம் காரைக்கால். மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியிலுள்ள வயல்களுக்கெல்லாம் உழைத்துவிட்டு, அரசலாறு, நாட்டாறு, நூலாறு என்று பிரிந்து கடைமடைக்கு வந்து சேர்கிறது. சில ஆண்டுகளில் மதகடியில் கணுக்கால் நனையும் அளவே வரும். பார்த்தவர் கடைத்தெருவுக்கு வந்து "தண்ணி வந்துட்டு" என்று சொல்வார். சாட்சி கிடைத்துவிட்டதால் அதுவும் ஆஜர்தான்.