எஃப் கார்டுக்கு அஞ்சுவோர் கவனத்துக்கு

கேள்வி: ஏழு வயது மகளுக்கு கிட்டார் வாங்கிக் கொடுத்துவிட்டோம். முதல் பாட்டாக எதைச் சொல்லிக்கொடுக்கலாம்? (ஓர் அம்மா, திருச்சி)

பதில்: குளிக்கும்போது என்ன பாடுகிறாள் என்று கதவோரம் நின்று கேளுங்கள். அதுதான் முதல் பாட்டு. மெட்டு ஏற்கெனவே வாயில் இருந்தால் கைக்கு மட்டும்தான் வேலை. மெட்டும் புதிது, கார்டும் புதிது என்றால் பாவம், குழந்தை எதைத்தான் பார்க்கும்? அவள் பாடுவது எட்டு கார்டு உள்ள சினிமாப் பாட்டாக இருந்தால் பல்லவியில் முதல் இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரணம் வரை போயே ஆக வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

கேள்வி: என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம். மகன் ‘இளைய நிலா’ வாசிக்க வேண்டும் என்று ஆசை. வகுப்பில் சேர்த்து மூன்று வாரம் ஆகிறது. (ஒரு தந்தை, சேலம்)

பதில்: அறுபதை எண்பதுக்குத் தள்ளிப்போட வழி உண்டா? 1982-ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்தபோது அந்த கிட்டாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். விரல்கள் ஓயாமல் தந்திக்குத் தந்தி தாவுகிற வாசிப்பு அது. காதுக்கு வெண்ணெய் மாதிரி இறங்குகிறதே என்று கைக்கும் அப்படி நினைத்துவிடாதீர்கள். தாத்தாவுக்குப் பிடித்த பாட்டுகளில் மெதுவாகப் போகிற, இரண்டு மூன்று கார்டில் அடங்குகிற ஒன்றைத் தேடச் சொல்லி மாஸ்டரைக் கேளுங்கள். தாத்தா பாடட்டும், பேரன் ஒவ்வொரு ஆவர்த்தனத்துக்கும் ஒரே ஒரு முறை ‘ஜம்’ என்று மீட்டட்டும். சபையில் கண் துடைக்காதவர் இருக்கமாட்டார்.

கேள்வி: மாஸ்டர் ஒரு மாதமாக இரண்டே கார்டை வைத்து ஓட்டுகிறார். ஃபீஸ் மட்டும் முழுசாக வாங்குகிறார். ஏமாற்றுகிறாரோ? (கோவை)

பதில்: அவருக்கு ஒரு ஃபில்டர் காபி வாங்கிக் கொடுங்கள். நல்ல மனிதர் கிடைத்திருக்கிறார். கீழே இருக்கும் மெல்லிய மூன்று தந்திகளை மட்டும் எடுத்துக்கொண்டால், இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் ஒரு விரல் வைத்தால் சி கார்டு. அதே விரலை முதல் தந்திக்கு இறக்கினால் ஜி செவன். இந்த இரண்டையும் வைத்து ‘மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்’, ‘லண்டன் பிரிட்ஜ்’ இரண்டையும் முடித்துவிடலாம். ‘ரோ ரோ ரோ யுவர் போட்’டுக்கு ஒற்றைக் கார்டே போதும்.

கார்டைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை ஐயா. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாளம் தவறாமல் போய்ச் சேருவதில்தான் கஷ்டமே. அதனால் பாட்டில் எத்தனை கார்டு என்று எண்ணுவதோடு, எது எதற்குப் பக்கத்தில் வருகிறது என்றும் பாருங்கள். ஏ மைனரிலிருந்து முழு சி-க்குப் போகும்போது ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும், மோதிர விரல் மட்டும் மூன்றாம் தந்தியை விட்டு ஐந்தாம் தந்திக்கு எட்டிப் போகும். ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்கு என்றால் மூன்று விரலும் அதே அமைப்பில் ஒரு தந்தி நகர்ந்தால் போதும். இப்படிப்பட்ட ஜோடிகள் வருகிற மூன்று கார்டு பாட்டு, விரல்கள் மொத்தமும் இடம் மாறவேண்டிய இரண்டு கார்டு பாட்டைவிட லேசு.

கேள்வி: ‘ஹேப்பி பர்த்டே’ எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து தொடங்கலாமே? (சென்னை)

பதில்: எல்லோருக்கும் தெரியும், சரியாகப் பாடத்தான் யாருக்கும் தெரியாது. அது மூன்று மூன்றாகப் போகிற தாளம், பிள்ளையின் கை நாலு நாலாக ஸ்ட்ரம் அடித்துப் பழகியிருக்கும். பாட்டு தட்டுக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். மூன்றாம் வரியில் மெட்டு ஒரு ஸ்தாயி எகிறும். எந்த பர்த்டே பார்ட்டியிலும் அந்த இடத்தில் மாமாக்கள் குரல் கிழிவதைக் கேட்டிருப்பீர்கள். ஆறு மாதம் போகட்டும். கேக் கெட்டுப்போகாது.

கேள்வி: எப்போது பார்த்தாலும் இங்கிலீஷ் பாட்டுதானா? கிட்டாரில் வாசிக்க நம்ம பாட்டு ஒன்றும் இல்லையா? (ஒரு பாட்டி, திருவாரூர்)

பதில்: உங்கள் ஊர்க்காரரே செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார் அம்மா. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) வெள்ளைக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் போட்டார். நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோமே, அதுதான். ‘சந்ததம் பாஹிமாம்’ பாடினால் இங்கிலாந்து ராஜாவின் தேசிய கீதம் கேட்கும். எல்லாம் சங்கராபரணம், அதாவது மேற்கத்தியர்களின் மேஜர் ஸ்கேல். முக்கியமாக, கமகம் கிடையாது. கிட்டாரில் ஃப்ரெட் நடுவே நிற்பதால் ஸ்வரத்தை அசைக்கத் தந்தியை இழுத்து வளைக்க வேண்டும், எட்டு வயது விரலுக்கு அந்தத் தெம்பு இருக்காது. ‘சக்தி ஸஹித கணபதிம்’ ஒற்றை ஒற்றை ஸ்வரமாக வாசிக்க அருமையாக உட்காரும். பேத்தி வாசிக்கட்டும், நீங்கள் பாடுங்கள். பிள்ளையார் பாட்டில் தொடங்கியதாகவும் ஆயிற்று.

கேள்வி: அங்கிள், எல்லோரும் எனக்கு பாப்பா பாட்டே தருகிறார்கள். நான் ஐந்தாம் வகுப்பு. எனக்கு ராக் வேண்டும். (நாகர்கோவில்)

பதில்: நியாயமான கோரிக்கை தம்பி. டீப் பர்ப்பிள் குழு 1972-ல் வெளியிட்ட ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் தொடக்கத்தை மாஸ்டரிடம் கேள். இருப்பதிலேயே தடித்த தந்தி ஒன்றிலேயே, ஆறாம் ஃப்ரெட்டுக்குள் வாசித்துவிடலாம். அம்மா முறைத்தால், 1971-ல் ஸ்விட்சர்லாந்தின் மான்ட்ரோ நகரில் ஒரு சூதாட்ட விடுதி தீப்பற்றியதைப் பற்றிய பாட்டு, வரலாறு படிக்கிறேன் என்று சொல். சூதாட்டத்தை மட்டும் அழுத்தாமல் சொல்.

கேள்வி: பாட்டில் எஃப் கார்டு வந்தால் மகன் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறான். (மதுரை)

பதில்: விவரமான பையன். முழு எஃப்-புக்கு ஒரு விரலால் ஆறு தந்தியையும் சேர்த்து அமுக்க வேண்டும், பெரியவர்களுக்கே மாதக்கணக்கில் தண்ணி காட்டும். பாட்டை மாற்றாதீர்கள், சுருதியை மாற்றுங்கள். சி, எஃப், ஜி என்று போகிற பாட்டை ஜி, சி, டி என்று வாசித்தால் எஃப் போயே போச்சு. அது பையன் குரலுக்கு எட்டவில்லையா? ஏ, டி, ஈ என்று பாருங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் ஒரு ஃப்ரெட்டில் சேர்த்து அமுக்கும் கவ்வி, மாட்டுங்கள். மேலே போகப் போக ஃப்ரெட்டுகளின் இடைவெளி குறுகுவதால் சின்னக் கைக்குக் கூடுதல் சௌகரியம்.

கேள்வி: விரல் நுனி வலிக்கிறது என்று அழுகிறாள். வேறு பாட்டு கொடுக்கலாமா? (புதுச்சேரி)

பதில்: வேறு தந்தி கொடுங்கள். ஸ்டீல் தந்தி கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நைலான் தந்தி போட்ட அரை சைஸ் கிட்டார் வாங்குங்கள்.

கேள்வி: எனக்கு சங்கீதம் சுத்தமாக வராது. மகளுக்கு எப்படி உதவுவது? (ஒரு தந்தை, ஈரோடு)

பதில்: போனில் ட்யூனர் ஆப் இறக்கித் தினமும் சுருதி சேர்த்துக் கொடுங்கள். அபஸ்வரமான கிட்டாரில் எளிதான பாட்டு என்று எதுவுமே கிடையாது. இன்னொன்று, வீட்டுக்கு யார் வந்தாலும் “அங்கிளுக்கு ஒண்ணு வாசிச்சுக் காட்டும்மா” என்று சொல்லாதீர்கள். அந்த அங்கிளும் உங்களுக்கு நன்றியோடு இருப்பார்.