கார்த்திகையில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம்

பீரோவின் அடித்தட்டில் இன்னும் தண்ணீர் நிற்கிறது. பட்டுப்புடவைகள் ஃபேனுக்குக் கீழே நைலான் கயிற்றில் தொங்குகின்றன. ஆகவே நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.   முதலில் வீடு மாற்றும் மாதக் கணக்கை முடித்துவிடுகிறேன்.

வைகாசிக் கடைசியிலேயே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "பையன் வெளிநாட்டுலேருந்து வரான் சார், காலி பண்ணிக் குடுத்துடுங்க." வீட்டுக்காரர்களின் பையன்கள் வாடகை ஏற்ற வேண்டிய சமயம் பார்த்துத்தான் தாய்நாடு திரும்புகிறார்கள். சரி, ஆனியில் போகலாம் என்றேன். திருச்சியிலிருந்து பெரியம்மா ஃபோன். ஆனியா? மகாபலிச் சக்கரவர்த்தி ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்த மாதமாச்சே! ஆடியில் ராவணன் போனான். புரட்டாசியில் இரணியன் போனான். மார்கழியில் பாரதப் போர். மாசியில் சிவபெருமான் ஆலகால விஷத்தைக் குடித்தார். பங்குனியில் மன்மதன் சாம்பலானான். ஆவணியில் போகலாம்தான். ஆனால் ஊரே ஆவணியில் போவதால் வீடு கிடைக்காது.

எனக்கு ஒன்று புரியவில்லை. இவர்களில் ஒருவராவது வாடகைக்கு இருந்தவரா? அட்வான்ஸில் பெயிண்டுக்குப் பிடித்துக்கொண்டார்களா? சரி, செத்தவர் கணக்குத்தான் என்றால் நரகாசுரன் போனது ஐப்பசியில். சூரபத்மனைச் சம்ஹாரம் செய்ததும் ஐப்பசியில். ஐப்பசிக்கு மட்டும் ஏன் தடையில்லை? கேட்டேன். "அதுக்குத்தான் பட்சணம் பண்ணிச் சாப்பிட்டுட்டோமேடா" என்றாள் பெரியம்மா. இரணியனுக்கும் ரெண்டு முறுக்கு சுட்டிருந்தால் புரட்டாசியிலேயே போயிருக்கலாம்.

ஐப்பசியில் வீடு கிடைத்தது. வெள்ளையடித்துச் சாவி கொடுக்கக் கார்த்திகை ஆகிவிட்டது. கார்த்திகை உத்தமமாம், புராணத்தில் அந்த மாதம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். ஆகட்டும். 2015 டிசம்பர் 1, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அது கார்த்திகை. 2016 டிசம்பர் 12 வர்தா புயல், மரங்களை வேரோடு சாய்த்தது. கார்த்திகை. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம், படகு விட்டார்கள். கார்த்திகை. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். அதுவும் கார்த்திகைதான். ராவணனுக்காக ஒரு மாதத்தையே ஒதுக்கியவர்கள், வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசைகட்டி நின்ற கார்களுக்காக ஒரு வாரத்தையாவது ஒதுக்கியிருக்கலாம். பஞ்சாங்கக்காரர்கள் பாரதப் போரோடு குறிப்பெடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

நல்ல நேரம் விடியற்காலை நாலரை. மழைக்கும் அதுவே நல்ல நேரமாக இருந்தது. குட்டியானை டிரைவர் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார். "உள்ள வந்தா சைலன்சர்ல தண்ணி ஏறிடும் சார்." அப்புறம் தார்ப்பாயைப் பிரித்தார். நடுவில் ஓர் ஓட்டை. அதன் வழியாக நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "மழை வேற சார், பார்த்துப் போட்டுக் குடுங்க" என்றார். லோடுமேன்கள் தலையாட்டினார்கள்.

மெத்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கல்யாணத்துக்குச் சீராக வந்த இலவம்பஞ்சு மெத்தை. அசல் இலவம்பஞ்சு லேசில் தண்ணீர் குடிக்காது. கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் ஒரு காலத்தில் அதைத்தான் அடைத்தார்கள். எங்கள் மெத்தையோ வாசலுக்கும் தெருமுனைக்கும் நடுவில் நாலு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாதபடி குடித்துவிட்டது. ஓரம் பிரிந்த இடத்தில் எட்டிப்பார்த்தது சாம்பல் நிறத்தில் தையற்கடைக் கழிவுப் பஞ்சு. நடுவே ஒரு பச்சைத் துணி, பித்தானோடு. இத்தனை வருஷம் யாருடைய சட்டையின் மேல் படுத்திருக்கிறேனோ! மாமனாரிடம் கேட்கலாம்தான். கேட்டால் நான் திரும்பவும் வீடு மாற்ற வேண்டியிருக்கும்.

புது வீட்டுக்குள் உப்பு, மஞ்சள், சாமி படத்தோடு நிறைகுடம் தண்ணீரும் முதலில் போக வேண்டுமாம். போயிற்று. பின்னாலேயே நிறைபீரோ, நிறைமிக்ஸி, நிறைஷூ எல்லாம் போயின. பரணில் தெர்மாகோலோடு பத்திரப்படுத்திய டிவி அட்டைப்பெட்டி, தான் பிறந்த பயனை அடைய வேண்டிய அன்றைக்கே கூழாகிவிட்டது. தீப்பெட்டி நமுத்துப்போய், எதிர்வீட்டில் லைட்டர் கடன் வாங்கிப் பால் காய்ச்சினோம்.

பால் பொங்கும்போது பெரியம்மா வீடியோ காலில் வந்தாள். பின்னால் திருச்சி வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. "மழையோட குடி போனா மகாலட்சுமியே வந்தாச்சுன்னு அர்த்தம்டா!" வந்துவிட்டாள், சமையலறை ஜன்னல் வழியாக வந்து ஹாலில் கணுக்கால் அளவு நின்றாள். துடைப்பத்தால்தான் வெளியே அனுப்பினேன்.

அடுத்த தடவை ஆடிதான், முடிவு செய்துவிட்டேன். டு லெட் பலகைகள் காற்றாடிக்கொண்டிருக்கும், வீட்டுக்காரர்கள் பேரத்துக்கு இறங்குவார்கள், சாயங்காலம் ஒரு இடிமழை வந்தாலும் சீக்கிரம் போய்விடும். ராவணனை நான் பார்த்துக்கொள்கிறேன். பெரியம்மாவிடம் மட்டும் தயவுசெய்து யாரும் சொல்லிவிடாதீர்கள்.