பாவு பிணைத்த விரல்கள்

எங்கள் சென்னிமலை வீட்டில் முன்னறை முழுக்கத் தறி. மிச்சமிருந்த இடத்தில்தான் சமையல், படிப்பு, தூக்கம் எல்லாம். குழித்தறி அது. தரையில் தோண்டிய குழிக்குள் காலை இறக்கி, விளிம்பில் உட்கார்ந்து அப்பா மிதிபலகையை மிதிப்பார். மண்ணின் ஈரம் நூல் காய்ந்து அறுந்துவிடாமல் காத்தது. அதே ஈரம் ஐப்பசி, கார்த்திகையில் ஊற்றெடுத்துக் குழியை நிறைத்துவிடும். அம்மா வாளியால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றுவார். நெசவு நின்ற வாரம் கூலியும் இல்லை.

இப்போது கோவையில், என் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையில் தறி நிற்கிறது. மாடி வீட்டில் குழிக்கு வழியில்லை என்பதால் தரைமேல் நிற்கும் சட்டத்தறி. ஆசாரி சட்டங்களைப் பூட்டி முடித்ததும் மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் தறி கோணாமல் இருக்கிறது என்று அர்த்தம். கோணல் இருந்தால் துணியின் ஒரு கரை இறுகும், மறுகரை தொளதொளவென்று போகும். சீப்புப் போன்ற அச்சு வந்து ஊடையை, அதாவது குறுக்கு நூலை, அடிக்கும் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகாமலிருக்கக் கால்களுக்கு ரப்பர் வைத்தோம். சென்னிமலையில் இந்தக் கவலை யாருக்கும் கிடையாது. தெரு முழுக்க ஒரே சத்தம். சத்தம் கேட்காத வீட்டில்தான் என்ன ஆச்சோ என்று எட்டிப் பார்ப்பார்கள்.

இந்தத் தறியில் துண்டும் மேசைவிரிப்பும் நெய்கிறேன். பெட்ஷீட் வேண்டுமென்றால் இரண்டு பாதியாக நெய்து நடுவில் தைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் இதன் அகலம்.

துண்டு எளிய துணிதான். ஆனாலும் 30 அங்குல அகலத்துக்கு, அங்குலத்துக்கு 36 இழை என்று வைத்தால் பாவில், அதாவது நீளவாட்டு நூலில், 1,080 இழைகள். ஒவ்வொன்றையும் விழுதின் கண்ணில் நுழைத்து, பிறகு அச்சின் பல்லிடுக்கில் இரண்டிரண்டாக இழுக்க வேண்டும். ஓர் இழை இடம் மாறினாலும் துணி நெடுகக் கோடு விழும். ஊடையை இழுத்துச் செல்லும் நாடா ஓடத் தொடங்குவதற்கு முன்பே வேலையில் பெரும்பங்கு முடிந்திருக்கும். அத்தனையையும் தனியாளாகச் செய்கிறபோது, அன்று எங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்தவர்களின் முகங்கள்தான் முன்னால் வருகின்றன.

பாவு பிணைப்பது அப்பத்தாவின் வேலை. முடிந்த பாவின் நுனிகளைத் தறியிலேயே விட்டு வைத்திருப்பார்கள். பழைய இழை நுனியையும் புதிய இழை நுனியையும் சேர்த்துப் பிடித்து, சாம்பல் தொட்ட விரல்களால் ஒரு திருகு திருகுவார். முடிச்சுப் போடமாட்டார், முடிச்சு அச்சில் சிக்கும். திருகிய இடம் விழுதையும் அச்சையும் வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். வாய் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், விரல் நிற்காது. இப்படிப் பிணைப்பதால் இழைகளை மறுபடி ஒவ்வொன்றாக நுழைக்கும் வேலை மிச்சம். அம்மா உலை கொதிக்கும் இடைவெளியில் நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூலை ராட்டையில் தாராகச் சுற்றுவார். தார் தொய்வாகச் சுற்றியிருந்தால் நாடாவுக்குள் நூல் சிக்கிக்கொள்ளும்; அம்மா சுற்றிய தார் சிக்கி நான் பார்த்ததில்லை. பாவுக்குக் கஞ்சி போடுகிற நாளில் விடியுமுன்னே தெருவில் நீளமாக விரித்து நிறுத்துவோம். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி சீக்கிரம் காய்ந்து நூல் விறைத்துவிடும் என்பதால் அக்கம்பக்கத்தாரும் கைகொடுப்பார்கள். நெசவாளர் ஊர்களில் பாவடி என்று இடங்களுக்குப் பெயர் இருப்பது இதனால்தான்.

எங்களுக்குக் கூலி உருப்படிக் கணக்கு. நெய்த பெட்ஷீட்டுக்குப் பணம், அதுவும் அப்பா பெயரில். பிணைத்ததற்கும் தார் சுற்றியதற்கும் கஞ்சி போட்டதற்கும் தனியாக எதுவும் கிடையாது. நெசவாளர் என்றால் அப்பா. மற்றவர்கள் வீட்டு ஆட்கள். 2019-20இல் நடந்த நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் நெசவிலும் அதன் துணை வேலைகளிலும் 35 லட்சத்துக்கு மேற்பட்டோர் இருப்பதாகத் தெரிந்தது. பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். என் அப்பத்தா எந்தக் கணக்கிலும் நெசவாளராக வந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

துண்டு, பெட்ஷீட், ஜமக்காளம் போன்றவற்றில் குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985இல் சட்டம் வந்தது. முதலில் 22 வகைத் துணிகள். 1996இல் அது 11 ஆகச் சுருங்கியது. சட்டம் இருந்தும் எங்கள் தெருவில் ஒவ்வொரு குழியாக மூடி, மேலே டைல்ஸ் பதித்துவிட்டார்கள். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று பேர் உழைப்புக்கு ஒருவர் கூலி கொடுத்த தொழிலில் அவர்கள் ஏன் இருக்க வேண்டும்?

நான் பிழைப்புக்காக நெய்யவில்லை. வேறு சம்பளம் இருக்கிறது. தறியையே நம்பிப் பிழைப்பவர்கள் சென்னிமலையிலும் பவானியிலும் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை பெட்ஷீட்டோ துண்டோ வாங்கும்போது கோ-ஆப்டெக்ஸிலோ நெசவாளர் சங்கக் கடையிலோ கைத்தறி முத்திரை பார்த்து வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். அந்த விலையில் பாவு பிணைத்தவருக்கும் தார் சுற்றியவருக்கும் கூலி சேர வேண்டியிருக்கிறது.