நடைக்கு இரண்டு வடை

பெசன்ட் நகர் கடற்கரையில் விடிகாலை நடைக்குக் கூட்டம் குறைவில்லை. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் பாதை 8 கிலோமீட்டர். பெரியவர்கள் சிலருக்கு அது வடைக் கடையோடு முடிந்துவிடும். களைப்பு தீர இரண்டு மெதுவடை, ஒரு டிகிரி காபி. சர்க்கரை மட்டும் ‘லைட்டா’; சுகர் இருக்கிறதல்லவா!

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பழைய மாணவர்கள் 1,741 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 1998-இல் முடிவை வெளியிட்டார்கள். புகைக்காமல், எடை கூடாமல், உடற்பயிற்சி செய்துவந்தவர்களுக்கு முதுமையின் முடக்கம் 5 ஆண்டுகளுக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. நம்மூரில் தள்ளிப்போவது நடைதான்: மழை, மார்கழிப் பனி, மகள் வருகை, முழங்கால்.

காப்பீடும் ஒத்துழைக்கிறது. ஆயுஷ்மான் பாரத் 2024 அக்டோபரிலிருந்து 70 வயதைத் தொட்டவர்களுக்கு, வருமானம் பார்க்காமல், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. ஆனால், ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மாதாமாதம் மருந்துக் கடையில் மாத்திரை வாங்குபவருக்கு அதில் சல்லிக்காசு கிடையாது. செருப்பு தேய நடந்து, படுக்காமலே இருப்பவரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

“நடையை வேணா விட்டுடறேன் டாக்டர்,” என்றாராம் ஒரு பெரியவர், “வடையைப் பத்தி மட்டும் பேசாதீங்க.”