முகாம் இரவியல்: அரசு ஊழியர் தூக்கத்தின் தர நிர்ணயம் குறித்து ஓர் ஆய்வு

மனிதர் எல்லாரும் ஒரே மாதிரித்தான் தூங்குகிறார்கள் என்பது பாமரர் கருத்து. கண் மூடுகிறது, வாய் திறக்கிறது, குறட்டை வருகிறது. இதில் என்ன பெரியவர், சிறியவர்? மத்திய அரசு இக்கருத்தை ஏற்பதில்லை. அலுவல் நிமித்தம் வெளியூர் போய் முகாமிடும் ஊழியரின் ஒரு ராத்திரித் தூக்கத்தை அது ஐந்து தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ரூபாயில் உச்சவரம்பு கட்டியிருக்கிறது. அத்தரங்களுக்குள் பொதிந்து கிடக்கும் தத்துவத்தை வெளிக்கொணர்வதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் முன்னோடி ஆய்வுகள் எவையும் கைக்குக் கிட்டவில்லை. எழுதத் தகுதியுள்ளவர்கள் எல்லாரும் பயணப்படி பில் எப்போது பாஸாகும் என்ற கவலையில் இருந்திருக்கக்கூடும்.

முதலில் தொன்மை. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் நடுத்தரத் தூதனுக்கு யோசனைத் தூரம் ஒன்றுக்குப் பத்துப் பணம் என்றும், பத்து யோசனைக்கு மேல் நூறு வரை இருமடங்கு என்றும் விதிக்கிறது. ஆகப் பயணப்படியில் ‘ஸ்லாப்’ முறை இந்நாட்டுக்குப் புதிதன்று. ஆனால் அந்தச் சூத்திரத்தில் தூதன் எங்கே படுத்தான் என்ற பேச்சே இல்லை. மரத்தடி என்று கொள்க.

இனி மூலநூல். 7-ஆவது ஊதியக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி, நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2017 ஜூலை 13-ஆம் நாள் வெளியிட்ட அலுவலகக் குறிப்பாணையே நமக்கு மூலபாடம். மாநில அரசின் பயணப்படி விதிகள் வேறொரு காப்பியம். அதைத் தனியே பாட வேண்டும். குறிப்பாணையின்படி விடுதி அறைக்கு ஒரு நாளைக்கு மேல்வரம்பு: ஊதிய நிலை 14-ம் அதற்கு மேலும் என்றால் 7,500 ரூபாய், 12, 13 என்றால் 4,500, 9 முதல் 11 வரை 2,250, 6 முதல் 8 வரை 750, 5-ம் அதற்குக் கீழும் என்றால் 450. அகவிலைப்படி 50 விழுக்காடு உயரும்போது இவை 25 விழுக்காடு உயரும் என்பது விதி. 2024 ஜனவரியில் அகவிலைப்படி அந்தக் கோட்டைத் தொட்டதால் 7,500 என்பது 9,375 ஆயிற்று. 450 என்பது 562 ரூபாய் 50 காசு ஆகி, அந்த ஐம்பது காசை என்ன செய்வது என்ற சிக்கலைக் கிளப்பி, 563-ல் போய் நின்றது. விகிதம் மாறாததால் இக்கட்டுரை மூலபாடத்தின் எண்களையே கையாளும்.

இப்போது அதே குறிப்பாணையின் உணவுப் பத்தியைப் பார்க்க வேண்டும். உச்ச நிலைக்கு நாளொன்றுக்கு 1,200 ரூபாய். கடை நிலைக்கு 500. அதாவது மேலதிகாரியின் பசி கடைநிலை ஊழியரின் பசியைப் போல் 2.4 மடங்கு. தூக்கமோ 16.67 மடங்கு. ஒப்புநோக்க ஊதியத்தையும் எடுத்துக்கொள்வோம்: முதல் நிலையின் ஆரம்ப அடிப்படை ஊதியம் 18,000, 14-ஆம் நிலையில் 1,44,200. எட்டு மடங்கு. ஆகவே வயிறு ஏறத்தாழச் சமம், சம்பளம் ஓரளவு ஏற்றத்தாழ்வு, முதுகு மட்டும் முற்றிலும் வேறு வேறு சாதி என்பது பெறப்படுகிறது. முழித்திருக்கும்போது இருவருக்கும் உள்ள தூரத்தைவிடத் தூங்கும்போது உள்ள தூரம் இரு மடங்கு. இதை ‘உறக்கப் படிநிலைக் கோட்பாடு’ என்று பெயரிட்டு, உரிமையை என்னிடமே வைத்துக்கொள்கிறேன்.

இதற்கு வரித்துறை உடன்படவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஆயிரம் ரூபாய் வரையிலான அறைகளுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி கிடையாது என்றிருந்த சலுகை 2022 ஜூலை 18-ல் போயிற்று. அன்று முதல் 450 ரூபாய் அறைக்கும் 7,500 ரூபாய் அறைக்கும் ஒரே 12 விழுக்காடு. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுக்கும் ஒரே 5 விழுக்காடு. கொடுக்கும் அரசுக்குத் தெரிகிற தாரதம்மியம் வாங்கும் அரசுக்குத் தெரியவில்லை.

அடுத்து, நம்பிக்கை. இதுவே மூலபாடத்தின் மிக ஆழமான பகுதி. 8-ஆம் நிலையும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் ரசீது வைக்க வேண்டியதில்லை. தங்கிய நாட்கள், தங்கிய இடத்தின் பெயர் முதலியவற்றை எழுதித் தாமே சான்றளித்தால் வரம்புக்கு உட்பட்ட தொகை கிடைக்கும். 9-ஆம் நிலை முதல் மேலே உள்ளவர்களுக்கு இச்சலுகை இல்லை, ரசீது கட்டாயம். ஏட்டின்படி பார்த்தால், பதவி ஏற ஏற மனிதன் சொல்லுக்கு மதிப்பு இறங்குகிறது. நாட்டின் எழுத்தர்களும் பன்முகப் பணியாளர்களும் சொன்னால் அரசு நம்பும். இயக்குநர் சொன்னால், “பில் எங்கே சார்?”

ஆனால் இந்த நம்பிக்கைக்கும் புவியியல் எல்லை உண்டு. சென்னை, மும்பை, டெல்லி, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புணே என்னும் எட்டு ‘எக்ஸ்’ வகை நகரங்களில் 8-ஆம் நிலை வரை எல்லாருக்கும் வரம்பு ஒரே 1,000 ரூபாய். ரசீது வைத்தால் மட்டும். விழுப்புரத்தில் தங்கியவரின் வாக்கு சத்தியம். அவரே ரயிலேறிச் சென்னை வந்து இறங்கியதும் சந்தேகத்துக்குரியவர். பெருநகரம் மனிதனைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவந்ததை அரசு ஆணை வடிவில் காண்பது இங்குதான். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனில் வரிசையாக லாட்ஜுகள் இருக்கின்றன. அங்கே வரவேற்பு மேஜைக்காரர் அறையைக் காட்டும் முன்பே, “ஆபீஸ் பில்லா சார், எவ்வளவுக்குப் போடணும்?” என்று கேட்பதாக ஒரு பிரிவினர் சொல்கின்றனர். இத்தகைய செவிவழிச் செய்திகளை ஆய்வுக்கு உட்படுத்தலாகாது.

‘தங்கிய இடத்தின் பெயர்’ என்னும் தொடர் உரையாசிரியர்களை இரு அணியாகப் பிரித்துள்ளது. கேஷியர் மரபினர், பெயர் இருந்தால் போதும் என்பர். தணிக்கை மரபினர், இது ஈடுசெய்யும் தொகை, செலவாகியிருந்தால்தான் ஈடு என்பர். பிந்தியதே இலக்கணப்படி சரி. அப்படியானால் அத்தை வீட்டில் தங்குபவர் கதி என்ன? சட்டப்படி அது செலவில்லாத் தங்கல். கள ஆய்வு வேறு சொல்கிறது. வெறுங்கையோடு போக முடியாது: அரைக் கிலோ ஸ்வீட், ஒரு பாக்கெட் மிக்சர், இரண்டு முழம் மல்லிகை, கிளம்பும்போது பிள்ளைகள் கையில் ஆளுக்கு நூறு. கூட்டினால் 450-ஐத் தாண்டிவிடும். அத்தை ரசீதும் தருவதில்லை. கேட்டுப் பார்க்கலாம், அடுத்த முகாமுக்கு அத்தையும் இருக்க மாட்டாள். போதாக்குறைக்கு, “ராத்திரி சாப்பிடவே இல்லையே, ஊர்ல என்ன பிரச்சனை?” என்று இரவு பன்னிரண்டு வரை விசாரணை. லாட்ஜில் இந்தத் தொல்லை இல்லை. மூட்டைப்பூச்சி கேள்வி கேட்காது.

‘நாள்’ என்பது எது? லாட்ஜுக்கு நாள் என்பது நுழைந்த நேரத்திலிருந்து இருபத்துநாலு மணி நேரம். சில இடங்களில் பகல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அரசுக்கு நள்ளிரவு முதல் நள்ளிரவு. உணவுத் தொகை இக்கணக்கில்தான் ஓடுகிறது: தலைமையிடத்தில் இல்லாத நேரம் 6 மணிக்குக் குறைந்தால் 30 விழுக்காடு, 6 முதல் 12 வரை 70, அதற்கு மேல் முழுத்தொகை. மதுரையில் பணிபுரியும் 5-ஆம் நிலை ஊழியர் ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு மேல் பாண்டியன் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறார். நள்ளிரவுக்குள் மூன்று மணி நேரம்கூட ஆகாது, 150 ரூபாய். மறுநாள் முழுதும் சென்னையில், 500. அன்றிரவே திரும்புகிறார். ரயில் காலை ஐந்தரைக்கு மதுரை சேர்ந்தால் மூன்றாம் நாளுக்கு 150. சமயநல்லூர் சிக்னலில் நின்று ஆறு மணிக்கு மேல் சேர்ந்தால் 350. ரயில் அரைமணி தாமதமாக வர வேண்டும் என்று பெட்டியில் ஒருவர் கண்மூடி வேண்டிக்கொண்டிருந்தால், அவர் எந்தத் துறை என்று ஊகிப்பது கடினமன்று. இரண்டு ராத்திரியும் ரயிலில் கழிந்ததால் அறை வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. மேல் பெர்த் தூக்கத்துக்குத் தரம் வகுக்கப்படவில்லை.

இவ்வளவும் 60 நாளுக்குள் பில்லாக வேண்டும். 2018 மார்ச் வரை ஓராண்டு அவகாசம் இருந்தது. ஓராண்டில் எந்த ஊர், எந்த லாட்ஜ் என்பது மறந்து படைப்பூக்கம் வளரும் என்று கருதினார்கள் போலும்.

எல்லாவற்றுக்கும் அடித்தளமான மெய்யியல் 1922 முதல் நடைமுறையில் உள்ள அடிப்படை விதிகளில், 44-ஆம் விதியில் இருக்கிறது: படி என்பது, மொத்தத்தில் பார்த்தால், பெறுபவருக்கு ஆதாயமாக அமையக் கூடாது. நட்டமாக அமையலாமா என்று அவ்விதி கேட்டுக்கொள்ளவில்லை. நூறாண்டாக ஊழியர்கள் அந்த மௌனத்தைச் சொந்தப் பணத்தால் நிரப்பிவருகிறார்கள்.

இக்கட்டுரையின் தனிக் கண்டுபிடிப்பு இனிமேல்தான். குறிப்பாணையின் போக்குவரத்துப் பத்தியில், நடந்து போனால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் கூடுதலாகத் தரப்படும் என்று ஒரு வரி ஒளிந்திருக்கிறது. கட்டணம் நிர்ணயிக்கப்படாத ஊர்களில் சொந்த ஸ்கூட்டருக்கும் அதே 12 ரூபாய்தான். காலும் ஸ்கூட்டரும் அரசின் பார்வையில் ஒன்று; பெட்ரோல் போட வேண்டியதில்லை என்பது மட்டும் காலின் சிறப்பு. ஊதிய நிலைப் பாகுபாடும் இந்த வரியில் இல்லை. செயலாளர் நடந்தாலும் 12, டிரைவர் நடந்தாலும் 12.

ஆகவே 5-ஆம் நிலை ஊழியர் அறையே எடுக்காமல் இரவு பத்து மணிக்கு நடக்கத் தொடங்கி, மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வீதம் காலை ஐந்தரை வரை நடந்தால் 37.5 கிலோமீட்டர். பெருக்கினால் 450 ரூபாய், அறை வாடகை வரம்பு காசு குறையாமல். ஏழரை மணி நேரத் தூக்கத்தின் விலையும் ஏழரை மணி நேர நடையின் விலையும் ஒன்றே என்பதைக் குறிப்பாணையின் ஆசிரியர்கள் அறிந்தே வகுத்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. செலவே இல்லாத வரவு என்பதால் தணிக்கை மரபினர் 44-ஆம் விதியை நீட்டுவார்கள். அதற்குச் செருப்புத் தேய்மானத்தைக் காட்டிச் சமாளிக்கலாம். உண்மையான இடர்ப்பாடு வேறு. ரசீதில்லாப் போக்குவரத்துக் கோரிக்கையில் வாகன எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்கிறது அதே பத்தி. நடந்து போனவர் அந்தக் கட்டத்தில் ‘செருப்பு, 8-ஆம் நம்பர்’ என்று எழுதி வைத்தால் கணக்குப் பிரிவு பாஸ் செய்யுமா, அல்லது எந்தக் காலுக்கு என்று கேட்டுத் திருப்பி அனுப்புமா?